நகரத்து மரமும் விலைக் கணக்கும்: ஓர் அறவியல் நோக்கு

வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்திற்கு விலை உண்டு. மரக்காலைக்காரர் அதன் சுற்றளவை அளந்து, வைரம் பாய்ந்துள்ளதா எனத் தட்டிப் பார்த்து, சில நிமிடங்களில் ஒரு தொகையைக் கூறிவிடுவர். நின்று நிழல் தரும் மரத்திற்கோ அத்தகைய விலை எதுவும் இல்லை. வீதியை அகலிக்க முற்படும் பொறியியலாளரின் மதிப்பீட்டுத் தாளில் கருங்கல்லுக்கும் தாருக்கும் கூலிக்கும் தனித்தனி நிரைகள் உள்ளன. வழியில் நிற்கும் மரமும் அத்தாளில் இடம்பெறுவதுண்டு. ஆயின் அதனை வெட்டி அகற்றுதற்கான செலவாகவே இடம்பெறும். கணக்கேட்டின் கண்ணுக்கு நகரத்து மரம் சொத்தன்று; தடை.

இந்நிலையை மாற்ற விரும்பியோர் கண்ட வழி, மரத்திற்கும் ஒரு விலையை இடுவதாகும். நிழல், குளிர்ச்சி, தூய காற்று, வெள்ளத் தடுப்பு ஆகிய யாவற்றையும் பணமாக்கிக் கூட்டி, 'இம்மரத்தை வெட்டினால் இத்தனை இலட்சம் ரூபா நட்டம்' எனக் காட்டினால், பணத்தின் மொழியொன்றையே அறிந்தோரும் செவிசாய்ப்பர் என்பது அவர்தம் நம்பிக்கை. இதற்கு எதிரான குரலும் உண்டு. விலையிடப்படும் எப்பொருளும் விற்கப்படக்கூடிய பொருளாகிவிடுகின்றது. மரத்தைக் காக்கவென எழுதப்பட்ட விலைச்சீட்டே அதனை வெட்டுவோனுக்கு அனுமதிச்சீட்டாகவும் மாறலாம் என்பது அக்குரல். இவ்விரண்டில் எது ஏற்புடையது? இவ்வினா பொருளியலாளர்க்கு மட்டும் உரியதன்று. நகரத்தின் பொது உடைமையை எவ்வாறு மதித்தல் முறை, எவர் பொருட்டு மதித்தல் முறை என்பன அறவியலின் வினாக்களாகும்.

முதலிற் கணக்கையே நோக்குதல் தகும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தி. எம். தாஸ் 1979 இல், ஐம்பது ஆண்டுகள் வாழும் நடுத்தர மரமொன்று ஆற்றும் சேவைகளின் பெறுமதி 15 இலட்சத்து 70 ஆயிரம் இந்திய ரூபா எனக் கணித்தார். பலகையும் கனியும் இத்தொகையிற் சேரா. மரநடுகை விழாக்களின் மேடைகளில் இக்கணக்கு அன்று தொட்டு ஓயாது ஒப்புவிக்கப்பட்டு வருகின்றது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், மேற்கு வங்காளத்தின் யசோர் வீதியில் மேம்பாலங்கள் அமைக்க 356 மரங்களை வெட்டுவது தொடர்பான வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் 2020 இல் நியமித்த நிபுணர் குழு, மரமொன்றின் பெறுமதியை ஆண்டுக்கு 74,500 இந்திய ரூபா எனக் கொண்டு, அதனை மரத்தின் வயதாற் பெருக்குமாறு கூறியது. நூறு ஆண்டுகளைக் கடந்த மரமாயின் பெறுமதி ஒரு கோடியை எட்டிவிடும். பாலத்தின் நன்மையும் மரத்தின் இழப்பும் ஒரே தராசில் வைக்கப்பட்டமை ஒரு முன்னேற்றமே.

எனினும் அக்கணக்கின் உட்பகுதியை உற்று நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். ஆண்டுக்குரிய 74,500 ரூபாவில் 45,000 ரூபா மரம் வெளிவிடும் ஒட்சிசனுக்காக இடப்பட்டதாகும். வளிமண்டலத்தில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம் உள்ளது. ஒரு நகரத்தின் மரங்கள் அனைத்தும் அழிந்துபோயினும் அந்நகரத்தார் ஒட்சிசன் இன்றி மாளப் போவதில்லை. மேலும், ஒளித்தொகுப்பினால் மரம் வெளிவிட்ட ஒட்சிசனின் பெரும்பகுதி, அம்மரம் பின்னர் மக்கும்போதோ எரியும்போதோ மீளவும் நுகரப்பட்டுவிடுகின்றது. வைத்தியசாலையில் உருளைகளில் வரும் ஒட்சிசனுக்கு விலையுண்டு எனின், அது பிரித்தெடுத்தற்கும் அமுக்கி அடைத்தற்கும் ஏற்றி வருதற்கும் உரிய விலையாகும். காற்றிலுள்ள ஒட்சிசனுக்கு அவ்விலையை இடுதல், ஆற்று நீருக்குச் சோடாப் போத்தலின் விலையை இடுவது போலாம். நல்ல நோக்கத்திற்குப் பிழையான நியாயம் தீங்கு செய்யாது என்று கருதுவோர் உளர். அது சரியன்று. பிழையான நியாயத்தின் மீது நிறுத்தப்பட்ட மரத்தை, அந்நியாயத்தை மறுக்கத் தெரிந்த முதலாவது வழக்கறிஞரே வீழ்த்திவிடுவார்.

மேல்நாட்டு நகரங்களிற் கையாளப்படும் முறைகள் சற்று நிதானமானவை. இலண்டனில் உருவான முறையொன்று அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை அளந்து, நாற்றுமேடையில் வாங்கும் கன்றின் விலையை அப்பரப்புக்கு ஏற்பப் பெருக்கி, பின்னர் மரத்தின் நலம், எஞ்சிய ஆயுள், அயலில் வாழும் மக்களின் தொகை ஆகியவற்றுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பெறுமதி காண்கின்றது. அம்முறையின்படி 2008 இல் பார்க்லி சதுக்கத்திலுள்ள பிளேன் மரமொன்று 750,000 பவுண் பெறுமதியுடையதென மதிக்கப்பட்டது. நியூயோர்க் நகரிலோ மரங்கள் ஆண்டுதோறும் ஈட்டித் தருவதே கணிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகர வீதிகளில் 592,130 மரங்கள் காணப்பட்டன. அவற்றால் ஆண்டுதோறும் விளையும் நன்மை ஏறத்தாழ 122 மில்லியன் டொலர் எனவும், மரப் பராமரிப்பிற் செலவாகும் ஒவ்வொரு டொலருக்கும் 5.60 டொலர் மீளுகின்றது எனவும் ஆய்வாளர் கணித்தனர். மாநகரசபை உறுப்பினர் ஒருவரை இணங்க வைக்க இதனினும் எளிய வாக்கியம் கிடைப்பது அரிது.

மரம் நகரத்திற்குத் தருவது யாது என்பதை வெப்ப வலய நகரமொன்றில் வைத்து நோக்கினால் கணக்கு வேறு வடிவம் பெறும். வேரால் உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக்கும்போது மரம் சூழலிலிருந்து வெப்பத்தைக் கவர்கின்றது. நூறு லீற்றர் நீர் ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பம், மின்மானிக் கணக்கில் ஏறத்தாழ 70 அலகாகும். ஆயின் கொழும்பு போன்ற ஈரப்பதன் மிக்க கரையோர நகரில் இவ்வாவியுயிர்ப்பின் குளிர்ச்சியை மிகைப்படுத்தலாகாது. ஏலவே ஈரம் நிறைந்த காற்று மேலும் நீராவியை எளிதில் ஏற்பதில்லை. இங்கு முதன்மை பெறுவது நேர் வெயிலைத் தடுக்கும் நிழலேயாம். தார் வீதியும் சுவரும் பகல் முழுதும் உண்ட வெயிலை இரவிற் கக்குகின்றன. நிழல் விழுந்த வீதி அவ்வாறு உண்பதில்லை. பௌத்தாலோக மாவத்தையின் இருமருங்கும் நிற்கும் மழைமரங்களின் கீழ் நடந்து வந்தவர், நிழலற்ற காலி வீதியை நண்பகலில் அடையும்போது இவ்வேறுபாட்டைத் தோலாலேயே அறிவர். சிங்களத்தில் 'மாற' என்றும் தமிழகத்திற் தூங்குமூஞ்சி மரம் என்றும் வழங்கும் இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்காவின் வெப்ப வலயத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு கொணரப்பட்டது. இன்று அதனை அந்நியமென எவரும் கருதுவதில்லை.

நகரத்துப் பசுமை மரத்தோடு முடிவதுமில்லை. கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களின் நாணலும் புல்லும் மழைநீரைத் தாங்கி நிறுத்துகின்றன. அந்நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டதன் விளைவை 2010 நவம்பரில் நகரம் கண்டது. அன்று பெய்த கடுமழையில், தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலத்தில் எழுப்பப்பட்ட நாடாளுமன்றமே வெள்ளத்தில் அகப்பட்டது. நீரை எங்கே விடுவது என்ற வினாவுக்கு இயற்கை அளித்த விடை அது எனலாம். அதன் பின்னரே ஈரநிலங்களின் பொருளாதாரப் பெறுமதி பற்றிய ஆய்வுகள் ஊக்கத்துடன் மேற்கொள்ளப்பட்டன. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற ஏற்பைப் பெற்ற முதற் பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று.

உடல்நலம் பற்றிய சான்றுகளும் உள. 1984 இல் றோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பென்சில்வேனியாவிலுள்ள வைத்தியசாலையொன்றிற் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் ஒப்பிடப்பட்டனர். யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், செங்கற் சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். பக்கத்துக்கு இருபத்து மூவரே ஆய்வுக்கு உட்பட்டனர் ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. ஆயினும் கணக்காளருக்கு இத்தகைய எண்களே வேண்டியவை. கட்டிலொன்றின் ஒரு நாட் செலவைக் கொண்டு பெருக்கினால் யன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்திற்கும் ஒரு தொகை கிடைத்துவிடும்.

இவ்விடத்திலேயே மெய்யியலாளர் குறுக்கிடுவர். இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், யாதொன்றும் விலையுடையதாகவோ மாண்புடையதாகவோ இருக்கும் எனப் பிரித்துரைத்தார். விலையுடைய பொருளின் இடத்தில் அதற்குச் சமமான பிறிதொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு அவ்வாறு ஈடு கிடையாது. கான்றின் கருத்தில் மாண்பு பகுத்தறிவுடைய உயிர்க்கே உரியது. மரம் ஐயமின்றி விலையின் பக்கத்தில் நிற்கும். ஆகவே மரத்தை வழிபடுவோர் கான்றைத் துணைக்கழைத்தல் பொருந்தாது. ஆயினும் அவர் தந்த அளவுகோல் பயனுடையது. நகரத்து மரத்திற்குச் சமமான பிறிதொன்று உண்டா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டியது கோட்பாட்டில் அன்று, வீதியிலே.

ஒரு மரத்தை வெட்டினாற் பத்துக் கன்றுகளை நடுவோம் என்பது அபிவிருத்தித் திட்டங்கள் தோறும் வழங்கப்படும் வாக்குறுதி. முதிர்ந்த மழைமரமொன்றின் விதானம் 20 மீற்றர் அகலமுடையது எனக் கொள்வோமாயின் அதன் நிழற்பரப்பு ஏறத்தாழ 314 சதுர மீற்றர். ஒரு மீற்றர் அகலமான தலையுடைய கன்றுகளால் அந்நிழலை ஈடுசெய்ய 400 கன்றுகள் வேண்டும். அந்நானூறும் நிழலைத் தரையோடு தருமேயன்றி, அதன் கீழ் நிற்கும் மனிதருக்குத் தரமாட்டா. கன்றுக்கும் மரத்துக்கும் இடையே உள்ளது பணத்தால் வாங்கவியலாத ஐம்பது ஆண்டுகள். பொருளியலின் கணிப்பு முறையோ இவ்விடத்தில் இன்னும் விபரீதமானது. எதிர்கால நன்மையை ஆண்டுக்குப் பத்து வீதம் கழித்து மதிப்பிடும் வழக்கப்படி, ஐம்பது ஆண்டுகளின் பின் கிடைக்கவிருக்கும் நூறு ரூபாவின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 85 சதம் மட்டுமே. இக்கணக்கை நம்பியிருப்பின் நூறாண்டுகளுக்கு முன்னர் எவரும் எவ்வீதியிலும் மரம் நட்டிருக்கமாட்டார். இன்று கோடிக்கணக்கில் மதிக்கப்படும் மரங்கள், அவற்றை நட்ட அன்று எக்கணக்காளரும் அனுமதிக்க முடியாத செலவுகளாகவே இருந்தன.

ஈடு என்ற எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. பெருவீதியொன்றின் நடுத்திட்டியில் அங்கு 900 இற்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மரஞ்செடிகள் நிறுவப்பட்டன. உண்மை மரம் வேரூன்ற அவ்விடத்தில் மண் போதாதென்பது அதிகாரிகளின் விளக்கம். மறு ஆண்டு மாட்டின் கிறீகர் 'சயன்ஸ்' இதழில், பிளாஸ்ரிக் மரங்களில் என்ன குறை என்றே வினவிக் கட்டுரை எழுதினார். நகைப்புக்கிடமானதாகத் தோன்றினும் அவ்வினா நேர்மையானது. மரத்தின் பெறுமதி அது விளைக்கும் பயன்களின் கூட்டுத்தொகையே எனின், அப்பயன்களை வேறு வழியிற் தருவது எதுவும் மரத்திற்கு ஈடாகும்: நிழலுக்குத் தகரக்கூரை, குளிருக்கு இயந்திரம், கண்ணுக்குச் சாயம் பூசிய பிளாஸ்ரிக். இதற்கு 1974 இல் மறுமொழி எழுதிய சட்ட அறிஞர் லோரன்ஸ் றைப் சுட்டியது முக்கியமானது. இன்றைய விருப்பங்களை நிறைவு செய்வதை மட்டும் நோக்கமாகக் கொள்ளும் சமூகம், தான் எத்தகைய விருப்பங்களை உடைய மக்களாக மாறுகின்றது என்பதை வினவ மறந்துவிடுகின்றது. பிளாஸ்ரிக் மரங்களிடையே வளரும் பிள்ளை அவற்றிலே குறைகாணாது, குறை அதுவே.

இங்கிலாந்தின் ஷெவீல்ட் நகரில் நிகழ்ந்தது இதனினும் கூர்மையானது. வீதிகளைப் புதுப்பிக்கவென 2012 இல் தனியார் நிறுவனமொன்றுடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஏறத்தாழ 36,000 வீதி மரங்களுள் 17,500 வரை அகற்றி வேறு நடுவதற்கு அதில் இடமிருந்தது. முதலாம் உலகப் போரில் மாண்ட பழைய மாணவரின் நினைவாக 1919 இல் நடப்பட்ட மரங்களும் வெட்டப்படவேண்டியவற்றின் நிரலிற் சேர்ந்தன. நடைபாதையைச் சமப்படுத்தல் என்ற நோக்கில் அம்மரங்களும் பிற மரங்களும் ஒன்றே. தாயொருத்திக்கு மகனின் பெயரைத் தாங்கி நின்ற மரத்தின் இடத்தில், அதே இனத்தின் வேறொரு கன்று எவ்வாறு ஈடாகும்? குடியிருப்பாளர் மரங்களின் கீழ் நின்று மறித்தனர், சிலர் கைதாயினர். 2018 இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 2023 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை நகரசபையின் போக்கைக் கடுமையாகக் குறைகூற, சபை மன்னிப்புக் கோரிற்று.

விலைக்கு அடங்காத இம்மதிப்பு தமிழ் மரபுக்குப் புதியதன்று. சங்ககால வேந்தர் காவல்மரத்தைப் பேணியமையும், பகைவரின் காவல்மரத்தை வெட்டுதல் வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. தான் வளர்த்த புன்னையைத் தங்கையென எண்ணி அதன் நிழலிற் காதலனுடன் நகைத்தற்கு நாணும் நங்கையை நற்றிணை காட்டுகின்றது. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியோ பள்ளிச் சிறுவரும் சொல்வது. கொடி படர ஒரு மூங்கிற் கழி போதுமே, தேர் எதற்கு என வினவும் கணக்காளன் எக்காலத்தும் உளன். அவனது வினாவிற் பிழையில்லை; பழந்தமிழரும் இத்தகைய ஈகையைக் 'கொடைமடம்' என்றே குறித்தனர். மடம் என அறிந்தும் அதனைப் போற்றினர் என்பதே கருதற்பாலது. ஆயினும் இச்சான்றுகளை மேடையில் அடுக்கிவிட்டுக் கலைவதாற் பயன் சிறிதே. காவல்மரம் அரசனுக்குரியது, அதனைக் காக்க வாளேந்திய வீரர் நின்றனர். வீதியோரத்து மழைமரத்திற்கு அத்தகைய உடையவரும் இல்லை, காவலரும் இல்லை. மாண்பைப் பேசிக்கொண்டு விலை கூற மறுப்போர், கணக்கேட்டில் அம்மரத்திற்கு எதிரே சுழியத்தை எழுதி வைக்கின்றனர் என்பதே நடைமுறை உண்மை. ஆகவே விலையிடுதலை முற்றாக மறுத்தல் இயலாது. விலை ஒரு கேடயம். அது எவரைக் காக்கின்றது என்று கேட்பதே அடுத்த வினா. உண்மையில் அதுவே பெரிய வினா.

மரத்தின் பெறுமதியை அளக்கப் பொருளியலாளர் பெரிதும் கையாளும் முறைகளுள் ஒன்று வீட்டு விலைகளை ஒப்பிடுதல். மரமுள்ள வீதியின் வீட்டுக்கும் மரமற்ற வீதியின் வீட்டுக்கும் இடையிலான விலை வேறுபாட்டில், ஏனைய காரணிகளைக் கழித்தபின் எஞ்சுவது மரத்தின் பெறுமதி எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் வீதி மரங்கள் வீட்டின் விலையைச் சராசரியாக 8,870 டொலரால் உயர்த்துவதாக 2010 இல் வெளியான ஆய்வு கண்டது. முறை நுட்பமானதே. ஆனால் அது அளப்பது யாரது விருப்பத்தை? நிழலுக்குப் பணம் கொடுக்கக்கூடியவரின் விருப்பத்தை மட்டுமே. கறுவாத்தோட்டத்து மாளிகையின் முன் நிற்கும் மரம் இக்கணக்கிற் பெருந்தொகை பெறும். கொட்டாஞ்சேனையின் முடுக்கொன்றில், ஓரறை வீட்டின் வாயிலில் நிற்கும் மரம் ஏறக்குறைய ஒன்றுமே பெறாது. தேவையை நோக்கின் நிலைமை தலைகீழானது. மாளிகையில் வாழ்பவருக்குக் குளிரூட்டி உண்டு, தோட்டம் உண்டு, மோட்டார் வண்டி உண்டு. புறக்கோட்டையிற் பாரம் சுமக்கும் நாட்டாமிக்கும், நடைபாதையிற் பழம் விற்கும் பெண்ணுக்கும், மருதானையில் பஸ் வண்டிக்குக் காத்து நிற்கும் முதியவருக்கும் மரத்தின் நிழலன்றி வேறு நிழல் இல்லை. நிழல் எவருக்கு மிக வேண்டியதோ அவரிடத்து அதன் விலை மிகக் குறைவாகக் காட்டும் அளவுகோல், அளவுகோல் என்ற பெயருக்குத் தகுதியுடையதா?

இது வெறும் தர்க்கப் பயிற்சியன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1930 களில் வீட்டுக்கடன் வழங்குவதற்காக நகரங்களின் வரைபடங்களிற் கறுப்பின மக்கள் செறிந்த பகுதிகள் சிவப்பு மையாற் குறிக்கப்பட்டன. கடன் அப்பகுதிகளுக்கு மறுக்கப்பட்டது. அதனோடு பூங்காவும் மரமும் மறுக்கப்பட்டன. 2020 இல் 108 நகரங்களை ஆராய்ந்தோர், அச்சிவப்புப் பகுதிகள் ஏனையவற்றை விடச் சராசரியாக ஏறத்தாழ 2.6 பாகை செல்சியஸ் வெப்பம் கூடியவையாக இன்றும் இருப்பதைக் கண்டனர். மை உலர்ந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் வெயில் அந்த எல்லைக்கோட்டை மறக்கவில்லை.

கொழும்பின் வரைபடத்தில் எவரும் சிவப்புக் கோடு கீறவில்லை. ஆயினும் ஒல்லாந்தர் காலத்துக் கறுவாத் தோட்டம் பிரித்தானியர் காலத்தில் விசாலமான வளவுகளாகவும் நிழற்சாலைகளாகவும் மாறியபோது, துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் அண்டி வடக்கே உழைப்பாளர் நெருங்கிக் குடியேறினர். ஜிந்துப்பிட்டி, வாழைத்தோட்டம், கிராண்ட்பாஸ் பகுதிகளில் வீட்டுக்கும் வீதிக்கும் இடையே மரம் நிற்க இடமில்லை. வாழைத்தோட்டம் என்ற பெயரில் மட்டும் ஒரு தோட்டம் எஞ்சியுள்ளது. 1921 இற் கொழும்புக்கான திட்டத்தை வரைந்த பற்றிக் கெடிஸ் இந்நகரைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராகக் கண்டார் என்று பெருமையுடன் கூறுவதுண்டு. பூங்காவின் வேலி எங்கே முடிந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இவ்வேலியைத் தாண்டிப் பசுமையைக் கொண்டு செல்வதிலும் ஓர் இடர் உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளிற் கொழும்பை அழகுபடுத்தும் திட்டமும், வசதி குறைந்த குடியிருப்பாளரைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் திட்டமும் ஒரே காலத்தில், ஒரே அதிகாரசபையின் கையில் நடந்தேறின. புதிய நடைபாதைகளும் பூங்காக்களும் பலருக்கு மகிழ்ச்சி தந்தன. அங்கு காற்று வாங்குவோரிற் பலரும் சாதாரண மக்களே என்பதையும் மறுத்தற்கில்லை. எனினும், காணியின் விலையை உயர்த்துவதே பசுமையின் பயன் என்று கொள்ளப்படுமாயின், காணியற்றவனுக்கு அப்பசுமை வெளியேற்ற அறிவித்தலாகவே வந்து சேரும். கெடிஸ் தென்னிந்திய நகரங்களுக்கு வரைந்த திட்டங்களில் இதற்கு மாற்றொன்று உண்டு. சேரியை முற்றாக இடிக்காது, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி மரம் நட்டு, அயலாரை அங்கேயே வாழவிடும் முறை அது. அதிற் காணியின் விலை பெரிதாக உயர்வதில்லை. ஆதலாலேதான் போலும், அம்முறைக்கு முதலீட்டாளர் கிடைப்பதுமில்லை.

மரத்தின் பக்கம் நின்று பேசுவோர் மறைக்கக் கூடாத இன்னொரு செலவு உண்டு. 2023 ஒக்ரோபர் 6 ஆந் திகதி கொள்ளுப்பிட்டியில், தெனியாய நோக்கிச் சென்ற பஸ் வண்டியின் மீது பெருமரமொன்று வீழ்ந்து ஐவர் மாண்டனர். அதன் பின் நகரின் முதிய மரங்கள் பல ஆராயப்பட்டன. அச்சம் பரவிய வேளையில் மரங்களை வெட்டுக என்ற குரலே ஓங்கி ஒலித்தது. அக்குரலை அறியாமை எனத் தள்ளுவது நேர்மையாகாது. ஐந்து உயிர்களின் முன் நிழலின் விலையைக் கூறி வாதிடுவோன் கல்நெஞ்சன் ஆவான். ஆனால் எவ்வீதியிலும் மரம் காரணமின்றி வீழ்வதில்லை. நீர்க்குழாயும் தொலைபேசிக் கம்பியும் பதிக்கத் தோண்டுவோர் வேரை அறுத்துச் செல்கின்றனர். நடைபாதையின் கொன்கிறீட்டு அடிமரத்தின் கழுத்துவரை ஏறி நிற்கின்றது. மின்கம்பிக்கு வழிவிட ஒருபக்கக் கிளைகளை மட்டும் தறிப்பதாற் பாரம் மறுபக்கம் சாய்கின்றது. அறுந்த வேரின் வழியே அழுகல் புகுந்து உள்ளீட்டை உண்ணப் பல ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகளும் மேலே இலை பசுமையாகவே இருக்கும். பெருங்காற்று வீசும் நாளில் பழி மரத்தின் மீதும் மழையின் மீதும் விழுகின்றது.

நியூயோர்க்கின் கணக்கில் ஒரு டொலருக்கு 5.60 டொலர் மீள்கின்றது என்பதை எடுத்தாள்வோர், அந்த ஒரு டொலர் முதலிற் செலவிடப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றனர். அங்கு மரங்கள் எண்ணப்பட்டுள்ளன. கிளை கழிப்போர் பயிற்றப்பட்டுள்ளனர். இங்கு மரத்தின் பெறுமதியைக் கோடிகளிற் கூறும் பேச்சாளரும், அதனைத் தறிக்கச் சொல்லும் அதிகாரியும், ஒருவருக்கொருவர் எதிரிகள் போலத் தோன்றினும், ஒன்றில் உடன்படுகின்றனர்: மரம் தானாக வளரும், தானாக நிற்கும் என்பதில். நிழலை நூறாண்டு நுகர்ந்த நகரம் அம்மரத்தின் முதுமைக்குக் கடன்பட்டுள்ளது. வேர்ப்பரப்பில் மண்ணைத் திறந்து விடுதலும், மூன்றாண்டுக்கொருமுறையேனும் அடிமரத்தைச் சோதித்தலும், தேறாத மரத்தை உரிய காலத்தில் இறக்கி, அது நின்ற வீதியிலேயே வேறொன்றை நட்டு, முதற் சில கோடைகளில் அதற்கு நீர் வார்த்தலும் அக்கடனின் பகுதிகள். இவற்றுக்கு வேண்டிய தொகை எந்தச் சூத்திரமும் காட்டும் கோடிகளை விட மிகச் சிறிது. முதலில் அது செலவிடப்பட வேண்டிய இடம் பௌத்தாலோக மாவத்தையா, ஜிந்துப்பிட்டியா என்பதை மாநகரசபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவிடலாம்.